தொகை சொல்லாத மைக்செட்

செஞ்சி இளையபெருமாள், சிங்கவரம் பாண்டுரங்கனுக்குத் தரவேண்டியிருந்த கடன் மூவாயிரம் ரூபாய். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, வாய்வார்த்தைக் கடன். காட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்கி மார்க்கெட் கமிட்டியில் விற்கலாம் என்று மீசை அரும்பின வயதில் வாங்கியது. வாங்கிப்போட்ட மூட்டையெல்லாம் கமிட்டி வாசலிலேயே மழையில் நனைந்து முளை விட்டுவிட்டது. முதல் போயிற்று. கடன் நின்றது.

அது நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு இளையபெருமாள் சவுண்ட் சர்வீஸ் என்றால் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் எந்தக் கண்டக்டரைக் கேட்டாலும் கை காட்டுவான். மூன்று வேன், ஒரு ஜெனரேட்டர் வண்டி, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள், பொண்ணு மாப்பிள்ளை முகத்தைச் சுவர் அளவு காட்டுகிற டிவி. சீயமங்கலத்தில் விசேஷம் வைக்கிறவன்கூட ஐயரிடம் நாள் குறிப்பதற்கு முன்னால் இவரிடம் நாள் கேட்கிறான். படிப்பு அஞ்சாங்கிளாஸ். அதிலும் முழுப்பரீட்சை எழுதவில்லை. அதனால் என்ன குறைந்துபோயிற்று? அப்படிப்பட்ட ஆள் ஒரு மூவாயிரம் ரூபாய்க் கடனை முழுசாக அடைக்க முடியாமல் முப்பது வருஷம் தவித்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பணம் இல்லாமல் இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளவேண்டியவர் வாங்கவில்லை.

பாண்டுரங்கனின் தங்கை கல்யாணத்தில் ஆரம்பித்தது அது. சிங்கவரத்தில் வீட்டு வாசலிலேயே பந்தல். புளியமரத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டி, நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி மைக்செட். அந்தக் காலத்தில் மொய் எழுதுகிற இடத்தில் ஒருவன் மைக்கைப் பிடித்து, பெயரையும் தொகையையும் உரக்கப் படிப்பான். அதில்தான் விசேஷக்காரனுக்குப் பெருமை, கூடப் போட்டவனுக்கும் பெருமை. குறைவாகப் போட்டவன் பந்தியில் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு நழுவுவான்.

இளையபெருமாள் கடன்காரர்தான். இருந்தாலும் கூப்பிட்ட வீட்டுக்குச் சும்மா போகக் கூடாது என்று, எங்கெங்கோ புரட்டி நூற்றியொரு ரூபாய் மொய் எழுதினார். எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் பாயசம் விழுந்த நேரம் தலைக்கு மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. மொய் படிக்கிறவனிடமிருந்து பாண்டுரங்கனே மைக்கை வாங்கிக்கொண்டுவிட்டார். முப்பது வயது, புதுப் பட்டுவேட்டி, கல்யாண வீட்டு மிதப்பு.

"சபையோருக்கு ஒரு அறிவிப்பு. நம்ம செஞ்சி இளையபெருமாளு மொய் நூத்தியோரு ரூபா. நமக்கு அவரு தரவேண்டியது மூவாயிரம். அதுல இது கழிஞ்சிது. மீதி ரெண்டாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பதைப் பொண்ணு வளைகாப்புக்குள்ள குடுத்துடுவாருன்னு நம்பறோம்!"

பந்தலே சிரித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சிரித்தாள். களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தது காற்றில் வந்தது. இளையபெருமாள் பாயசத்தைத் தொடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து நடந்தார். அன்றிலிருந்து அவருக்கு 'மீதி' என்று பெயர் விழுந்தது. 'மீதி வர்றான் பாரு', 'மீதி டீ குடிக்குது பாரு' என்று, அவரைவிடச் சின்னப் பயல்கள்கூடச் சொன்னார்கள்.

வேறு ஆளாயிருந்தால் ஊரை விட்டே ஓடியிருப்பான். இவர் கமிட்டியில் மூட்டை தூக்கினார். சைக்கிளை விற்றார். ஆடி பிறக்கும் முன்னால் முழுசாக மூவாயிரம் சேர்த்துக்கொண்டு சிங்கவரம் போனார். பாண்டுரங்கன் டீக்கடை பெஞ்சில் இருந்தார். பணத்தை வாங்கி எச்சில் தொட்டு எண்ணினார். நூற்றியொரு ரூபாயைத் தனியே எடுத்துத் திருப்பி நீட்டினார்.

"இது உன்னுது. சபையில கழிச்சாச்சி."

"அண்ணா, மொய் வேற, கடன் வேற. மொய்யக் கடன்ல கழிச்சா நான் கல்யாணத்துக்கே வராத மாதிரி ஆயிடும்."

"அப்ப வராத மாதிரியே வெச்சிக்கயேன். நாலு ஊரு கேக்கச் சொன்ன வாய நான் மாத்தமாட்டன்."

இந்த நூற்றியொரு ரூபாய்தான் விஷயம். அதைப் பாண்டுரங்கன் கடனுக்கென்று வாங்கிக்கொண்டால் அன்று கொடுத்தது மொய் என்று ஆகும். இளையபெருமாள் மதித்து அழைக்கப்பட்டு, மதித்துச் செய்த மனிதர் என்று ஆகும். வாங்காதவரை அவர் அந்தப் பந்தலில் கடன் கட்ட வந்து ஓசிச் சாப்பாடு சாப்பிட்ட ஆள். மணியார்டர் அனுப்பினார், திரும்பி வந்தது. பாண்டுரங்கன் மகன் வெற்றிவேல் கையில் கொடுத்தனுப்பினார், அவன் மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தான். கோயில் தேரில் நேருக்கு நேர் பார்த்து நீட்டினார். பாண்டுரங்கன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாமி பார்த்தார். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

அந்த வருஷமே செஞ்சி கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சர்தார் பாயிடம் போய் நின்றார் இளையபெருமாள்.

"பாய், வேலை குடுங்க."

"இன்னா வேலை தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அந்த மைக்குப் பொட்டிக்குள்ள இன்னா இருக்குதுன்னு பாக்கணும்."

சர்தார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நீதான் அந்த மீதியா?" என்றார். இளையபெருமாள் செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டார். "சரி, உள்ள வா. பாம்பு கடிச்சா பாம்பாட்டிகிட்ட வேலைக்குச் சேர்ற ஆளை இப்பதான் பாக்கறேன்."

நாலு வருஷத்தில் தொழில் கைக்கு வந்தது. சர்தார் ஒரு பழுதான ஆம்ப்ளிபயரைக் கூலிக்குப் பதில் கொடுத்தார். அதை உயிர்ப்பித்து, ரெண்டு குழாய் சேர்த்து, வாடகை சைக்கிளில் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். முதல் விசேஷம் ஒரு காதுகுத்து. மொய் படிக்கிறவன் ராகம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தான். "கூலிக்காரப் பூவாயி... அஞ்சு ரூவா!" என்று அவன் அந்த அஞ்சை இழுத்த இழுப்பில் பந்தல் கலகலத்தது. பூவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூனிக் குறுகினாள். அடுத்த பெயர் கேட்கவில்லை. ஆம்ப்ளிபயரிலிருந்து மைக் வயரின் பின்னைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் இளையபெருமாள்.

"இன்னாய்யா, கரண்ட் போச்சா?" என்று வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"கரண்ட் இருக்குது. பேரை மட்டும் படிக்கச் சொல்லுங்க. தொகை நோட்டுல இருந்தாப் போதும். என் மைக்ல எவன் தொகையும் வராது."

"வாடகை குடுக்கறது நானா நீயா?"

"குடுக்காதீங்க."

குடுக்கவில்லைதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெறுங்கையோடு வந்தார். ஊர் இப்போது அதை இரக்கம் என்று கொண்டாடுகிறது. இரக்கமெல்லாம் பிறகு வந்தது. அன்றைக்கு அவருக்கு இருந்தது வெறும் எரிச்சல். அந்தப் பின்னைப் பிடுங்கியபோது பூவாயி முகம்கூட அவர் கண்ணில் இல்லை, தலைக்கு மேலே கரகரத்த அந்தப் பழைய ஸ்பீக்கர்தான் இருந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தைக் கடைசிவரை விடவில்லை பாருங்கள், அங்கேதான் மனிதர் நிற்கிறார். பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள். ரெண்டு வருஷம் சொற்ப வருமானம். பிறகு ஒரு விஷயம் நாலு பேருக்குப் புரிந்தது. இளையபெருமாள் செட் கட்டின வீட்டுக்கு இல்லாதவனும் தைரியமாக வருகிறான். அஞ்சு ரூபாய் வைத்திருப்பவன் அஞ்சோடு வருகிறான், ஒதுங்கி நிற்பதில்லை. சொந்தபந்தம் ஒன்று விடாமல் வந்ததில் மொய்யும் கூடத்தான் விழுந்தது. பிறகு என்ன, பணக்காரனும் தேடி வந்தான். "தொகை சொல்லாத மைக்செட்" என்றே பெயராயிற்று. 'மீதி' என்கிற பெயர் தேய்ந்து தேய்ந்து காணாமலே போயிற்று. ரஞ்சிதத்தைக் கட்டினார், வீடு கட்டினார். ஒரே மகள் கலைவாணியைச் சென்னைக்கு அனுப்பி மனோதத்துவம் படிக்கவைத்தார். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களிடம், "மனுசன் மண்டைக்குள்ள இருக்கற வயரிங்கு" என்பார்.

கலைவாணி லீவுக்கு வந்திருந்தபோது ஒருநாள் மூன்றாவது வேனுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான் பெயின்டர். எழுத்து பத்தாது, இன்னும் பெருசு, இன்னும் பெருசு என்று மூன்று தடவை அழிக்கவைத்துவிட்டார் இளையபெருமாள்.

"நைனா, இதுக்கு மேல பெருசுன்னா வேன் பத்தாது. லாரிதான் வாங்கணும்" என்றாள் கலைவாணி.

"எழுதட்டும். கோட்டை மேல நிக்கிறவனுக்கும் தெரியணும்."

"கோட்டை மேல நிக்கிறவனுக்கா, சிங்கவரத்துல நிக்கிறவருக்கா?"

அவர் முறைத்தார். அவள் விடவில்லை. பக்கத்தில் கவிழ்த்திருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க பாடத்துல மனப்பகுப்புன்னு ஒண்ணு இருக்குது நைனா. கேளு. குழந்தை தன்னை மொதல்ல எங்க பாக்குது தெரியுமா? கண்ணாடியில இல்ல. அம்மா அப்பா கண்ணுல. அவங்க கண்ணு மின்னுச்சின்னா 'நான் ராசா'ன்னு நெனச்சிக்கும். அந்த நெனப்பு கொஞ்சமாச்சும் உள்ள இருந்தாதான் மனுசன் நிமிந்து நடக்க முடியும். அதுல போய் யாராச்சும் அடிச்சா அதுக்குப் பேரு தன்மதிப்புல பட்ட காயம். வெளிய தெரியாது. சின்னதா தொட்டாக்கூட ஆளு எகிறுவான். அடிச்சவனை அழிச்சாத்தான் ஆறும்னு தோணும். அழிச்சாலும் ஆறாது."

"பேரு வெச்சிட்டா மட்டும் ஆறிடுமா?"

"ஆறாது. ஆனா எந்த எடத்துல வலிக்குதுன்னு கை வெச்சிக் காட்டலாம் இல்ல? காயம் பட்டவங்கள்ல சில பேரு சுருங்கிடுவாங்க. சில பேரு ஊதிப் பெருசாவாங்க."

"நான் எது?"

கலைவாணி வேனைப் பார்த்தாள். பெயின்டர் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு சிரித்தான். இளையபெருமாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஊரே சிரிச்சிதுன்னு சொல்லுவியே. யாரு மூஞ்சாவது ஞாபகம் இருக்குதா?"

அவர் வேன் டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க நைனா மூஞ்சி."

அவருடைய அப்பா, பாண்டுரங்கன் வீட்டு நிலத்தில் கூலிவேலை பார்த்தவர். அன்று எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு தேருக்கு வந்து, "எங்க ராசாவுக்கு வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போன மனிதர். மைக்கில் அந்த அறிவிப்பு வந்ததும் அவரும் சிரித்தார். முதலாளி சிரிக்கும்போது சிரிக்காமலிருந்தால் மறுநாள் வேலை இருக்காது. அது இளையபெருமாளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சிரித்துக்கொண்டே அப்பா இவரைப் பார்த்த அந்தப் பார்வையை இவர் ரஞ்சிதத்திடம்கூடச் சொன்னதில்லை.

கலைவாணி பாடத்தை அதோடு விட்டுவிட்டாள். எழுந்து பெயின்டரிடம் போனாள்.

"அண்ணா, எவ்ளோ பெருசா வேணுமோ எழுதுங்க. கதவு மேலயும் எழுதுங்க."

பிறகு அவள் படிப்பு முடித்து, விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இந்த வருஷம் தை மாதம், பாண்டுரங்கன் மகன் வெற்றிவேல் கடைக்கு வந்து நின்றான். மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா, மைக்செட் வேண்டும் என்றான்.

"ஒங்க நைனாவுக்குத் தெரியுமா?" என்றார் இளையபெருமாள்.

"அவருதான் சொன்னாரு மாமா. ஒங்க செட்டுதான் வேணும்னு ஒத்தக்காலில நிக்கறாரு."

வாடகை பதினைந்தாயிரம் பேசி, முன்பணம் ரெண்டாயிரம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்புவதற்குள் இளையபெருமாள் மனதில் ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது. சபையோருக்கு ஒரு அறிவிப்பு. இந்த மைக்செட் வாடகை பதினஞ்சாயிரம். பாண்டுரங்கன் அண்ணன் குடுத்தது ரெண்டாயிரம். மீதி பதிமூணாயிரத்தைப் பேத்தி கல்யாணத்துக்குள்ள குடுத்துடுவாருன்னு நம்பறோம். அதே ஊர், அதே வாசல், அதே சபை.

விழாவுக்கு இருந்த பத்து நாளும் சாப்பிடும்போது வாய் அதையே முணுமுணுத்தது. ரஞ்சிதம் கண்டுபிடித்து மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"நைனா, நீ போவாத. ஆளுங்களை அனுப்பு" என்றாள் கலைவாணி.

"நான்தான் போவேன்."

"முப்பது வருசமா ஒருத்தர் தொகையையும் மைக்ல விடாத ஆளு நீ. இதைச் சொல்லிட்டா அப்பறம் உன்னாண்ட இன்னா இருக்கும்? வேன்தான் இருக்கும்."

அவர் போனை வைத்துவிட்டார்.

விழா அன்று சலவை வேட்டி சட்டையோடு முன் வேனில் போய் இறங்கினார். பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றி, சீர் வைத்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. மொய் எழுத ஆள் உட்கார்ந்தான். இளையபெருமாள் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நாற்காலி போட்டு மைக்கைக் கையில் எடுத்தார். பழைய ஆட்களுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பந்தியில் இலைமேல் கைகள் நின்றன. "சபையோருக்கு..." என்று ஆரம்பித்தவர், பாண்டுரங்கன் தன்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்தார். உடம்பு வற்றிப்போயிருந்தது. நடை மட்டும் பழைய நடை.

"குடு. மொதல்ல நான் பேசிடறேன்" என்று கையை நீட்டினார் பாண்டுரங்கன். என்ன ஏது என்று யோசிப்பதற்குள் மைக் கை மாறிவிட்டது.

"எல்லாரும் கேளுங்க. இதே வாசல்ல, என் தங்கச்சி கல்யாணத்துல நான் ஒரு காரியம் பண்ணன். மதிச்சி வந்தவனோட மொய்ய எடுத்துக் கடன்ல கழிச்சன். அதுவும் மைக்ல சொல்லிக் கழிச்சன். அந்த மொய் நூத்தி..."

சத்தம் அறுந்தது.

பந்தியில் நாலு பேர் "கரண்ட் போச்சா?" என்றார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பாண்டுரங்கன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். திரும்பினார். மைக் வயர் பின்னோடு இளையபெருமாள் கையில் இருந்தது. எப்போது பிடுங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. தொகை காதில் விழுந்ததும் கை தானாகப் போய்விட்டது.

"இன்னாடா பண்ணி வெச்ச?"

"தொகை சொன்னீங்க."

"என் தப்பைத்தான்டா சொல்றேன்!"

"எந்தத் தொகையும் என் செட்டுல வராதுண்ணா."

"அட பைத்தியக்காரா! ஊருக்குக் கேக்கணும்னுதானடா உன் செட்டைக் கூப்புட்டன்! போன வருசம் நகைக்கடன் கட்ட முடியாம பேங்க்ல ஏலம் போட்டானுங்க. பேரைப் படிச்சான், தொகையைப் படிச்சான். சிங்கவரம் பாண்டுரங்கன்னு அவன் படிச்சப்ப பின்னாடி எவனோ சிரிச்சான். வீட்டுக்கு வந்து சோத்துல கை வெச்சன், எறங்கல. உன் எலையில இருந்த பாயசந்தான் கண்ணுக்குள்ள வந்துச்சி. மாட்டுடா அந்தப் பின்னை."

இளையபெருமாள் கையிலிருந்த பின்னைப் பார்த்தார். மாட்டுவதற்கு ஒரு நொடி போதும். முப்பது வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அந்தக் கிழவர் நாக்கில் நின்றுகொண்டிருந்தது. பந்தி முழுக்க இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து இதைக் கேட்கவேண்டிய அப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பாடமாக்கி வைத்திருந்த பதிமூணாயிரத்து வாக்கியம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"வேணாம்ணா. இவங்களுக்கு எதுக்கு? என்னாண்ட சொல்லுங்க, போதும்" என்றார்.

பாண்டுரங்கன் மைக்கைப் பெட்டி மேல் வைத்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"உன் மொய் மொய்தான். நீ மதிச்சி வந்த. நாங்கதான் உன்னைப் பசியோட அனுப்பிட்டோம்."

இளையபெருமாள் நிமிர்ந்தார். அந்த நிமிர்வைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை மாதிரி நின்றாராம்.

"அப்ப கடன்ல நூத்தியோரு ரூபா நிக்குது."

"நிக்குது" என்றார் பாண்டுரங்கன். "வட்டி கேக்கலாமா?"

"கேட்டீங்கன்னா ஜெனரேட்டர் வாடகையைக் கூட்டுவேன்."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். இளையபெருமாள் சட்டைப்பையைத் துழாவினார். பத்து ரூபாய்த் தாள்கள் பத்து இருந்தன. சில்லறை இல்லை. வெற்றிவேல் ஓடிவந்து மொய்த் தட்டிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து நீட்டினான்.

"ஒங்க ஊட்டுக் காசை வாங்கி ஒங்க ஊட்டுக் கடனை அடைக்கறதாடா? அங்கயே வை" என்று அதட்டிவிட்டு, வேன் வரைக்கும் நடந்துபோய், டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த சில்லறையைக் கிளறி ஒரு நாணயம் எடுத்துவந்தார். அதுவரைக்கும் பந்தியில் ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை.

பாண்டுரங்கன் வலது கையை வேட்டியில் நன்றாகத் துடைத்தார். பின்னால் கட்டிக்கொள்ளவில்லை. விரித்து முன்னால் நீட்டினார். இளையபெருமாள் யாருக்கும் கேட்காத குரலில், ஒவ்வொரு தாளாகப் பத்தையும் அந்தக் கையில் எண்ணி வைத்தார். அதன்மேல் ஒரு ரூபாயை வைத்தார்.